கார் கம்பெனிக்குப் போன என் அண்ணன் மகள்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரண குடும்பத் தலைவி. வயது 38. இதுவரை சமையல் குறிப்பும் கோலமும்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த முறை கொஞ்சம் பெரிய விஷயம். பொறுமையாகப் படியுங்கள். இன்ஜினீயரிங் படிக்கிற பெண் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீடு செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறது. 2006-ல் நான் கல்யாணமாகி வந்தபோது ஓரகடம் போகிற ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தனியாகப் போகப் பயமாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் மட்டும் 1998-லிருந்து ஹூண்டாய் கார் வந்து கொண்டிருந்தது. 2007-ல் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ, 2010-ல் ஓரகடத்தில் ரெனோ - நிசான் என்று வரிசையாக வந்தன. இப்போது விடியற்காலையில் பால் வாங்கப் போனால், கம்பெனி பஸ்கள் கண்ணைக் கூசும் விளக்கோடு வரிசையாக நிற்கின்றன. என் கணவர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். கார் கம்பெனி எங்களுக்கு வாசலில் இருக்கிற விஷயம். ஆனாலும் அந்த மதில் சுவருக்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் அண்ணன் மகள்.

அண்ணனுக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலை. சொந்தத் தறி இல்லை, கூலிக்கு ஓட்டுகிறார். ஒரே மகள். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் எடுத்தாள். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு, கம்ப்யூட்டர் எடுக்கக் கூடாதா?" என்று ஊரே கேட்டது. கவுன்சலிங்கில் கிடைத்தது இது, பிடித்திருக்கிறது என்று அவள் சேர்ந்து விட்டாள். வகுப்பில் 60 பேரில் பெண்கள் 4 பேர்.

2024 மே மாதம், மூன்றாம் வருஷ முடிவில், இன்டர்ன்ஷிப் போக வேண்டும் என்றாள். நம் காலத்தில் 'இன்-பிளான்ட் டிரெயினிங்' என்பார்கள், அதுதான். எங்கள் பக்கத்து கார் கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஆறு வாரம் இடம் கிடைத்தது. எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக் கொண்டதால் பெயரை விட்டு விடுகிறேன்.

அண்ணன் போனில் குதித்தார். "ஏத்தா, இங்க ஒருத்தன் மூவாயிரம் ரூபா கொடுத்தா போகாமலே சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேங்கிறான். கூடப் படிக்கிற பயலுக நாலு பேரு வாங்கிட்டான். இவளை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்? அங்கன ஆம்பளைக மத்தியில நிக்கவா?"

நான் சொன்னேன்: "அண்ணே, சர்ட்டிபிகேட்டை விலைக்கு வாங்கிட்டா நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல கேள்வி கேப்பாங்களே, பதிலையும் விலைக்கு வாங்கித் தருவானா? நான் இங்க இருக்கேன்ல? என் பொறுப்பு."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, உன்னை நம்பித்தான் அனுப்பறேன். இது ஒழுங்கா முடிஞ்சாத்தான் அவளை வேலைக்கு அனுப்பறதைப் பத்தியே யோசிப்பேன். ஏதாவது ஒண்ணுன்னா, அத்தோட மாப்பிள்ளை பார்த்துருவேன்" என்றார்.

'என் பொறுப்பு' என்று சொல்லி விட்டேனே தவிர, போனை வைத்ததும் வயிற்றைக் கலக்கியது. அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாவதில் கணக்கில் நான்தான் பள்ளியிலேயே முதல். பாலிடெக்னிக் சேர்த்து விடுங்கள் என்று அப்பாவிடம் அழுதேன். "பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார். அண்ணன் அப்போது பக்கத்தில்தான் நின்று கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு பையோடு வந்து இறங்கினாள். முதல் நாளே சட்ட திட்டங்கள். துப்பட்டா கூடாது, கல்லூரி ஒர்க்‌ஷாப் சட்டை பேன்ட்தான். வளையல், மோதிரம், கொலுசு, வாட்ச் எதுவும் கூடாது. மெஷினில் மாட்டும், இல்லாவிட்டால் கார் பெயின்டில் கீறல் விழும். தலைமுடி தொப்பிக்குள் இருக்க வேண்டும். செல்போனை வாசலிலேயே லாக்கரில் வைத்து விட வேண்டும். இரும்பு முனை வைத்த ஷூ போட வேண்டும். அந்த ஷூவில் அவள் அளவு ஸ்டோரில் இல்லை. ஆண்கள் சைஸ் கொடுத்து விட்டார்கள். இரண்டு சாக்ஸ் போட்டுக் கொண்டு போனாள். மூன்றாம் நாள் குதிகால் இரண்டும் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவி விட்டுக் கொண்டே, "வேணாம்னா சொல்லிடு கண்ணு" என்றேன். "ஷூ சரியில்லைன்னு இன்ஜினீயரிங்கை விட முடியுமா அத்தை?" என்று சிரித்தாள். அன்று இரவே என் கணவர் செங்கல்பட்டு போய் அவள் அளவில் ஒரு ஜோடி வாங்கி வந்தார்.

முதல் வாரம் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். தினமும் ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போது எனக்குக் கதையாகச் சொல்வாள். இரும்புத் தகடு பெரிய பாய்ச் சுருள் மாதிரி லாரியில் வருமாம். அதை வெட்டி, அச்சில் வைத்து அழுத்தினால் கதவும் கூரையும் ஆகி விடும். நாம் அதிரசம் தட்டுகிற மாதிரி ஒரே அழுத்து. அடுத்த கூடத்தில் ரோபோ கைகள் அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான இடங்களில் பற்ற வைக்கின்றன. பிறகு முழு உடம்பையும் தொட்டியில் முக்கி எடுத்து, சூடு காட்டி, பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரு தூசி விழுந்தாலும் பருவாகத் தெரியுமாம். கடைசியில் அசெம்ப்ளி. கார் மெதுவாக நகர்ந்து கொண்டே இருக்க, ஆளாளுக்கு ஒரு பாகம் மாட்டுகிறார்கள். எல்லாம் முடிந்ததும் மழை மாதிரி தண்ணீர் பீய்ச்சி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள்.

இரண்டாவது வாரம் அசெம்ப்ளியில் போட்டார்கள். அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, ஆனால் இவளை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. "ஓரமா நில்லும்மா, மேல வண்டி இடிச்சிடப் போகுது." அவ்வளவுதான். கூட வந்த பையன்களை ஆளுக்கொரு வேலையில் சேர்த்துக் கொண்டவர், இவளிடம் பழைய காகிதங்களை அடுக்கச் சொன்னார். பெண்கள் கழிப்பறைக்குப் போக அடுத்த கட்டடம் வரை நடக்க வேண்டும். போய் வந்தால், "எங்க போயிட்டே?" என்று கேள்வி. தண்ணீர் குடிப்பதையே குறைத்து விட்டாள். ஒரு நாள் ராத்திரி படுக்கையில் சத்தம் வராமல் அழுது கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: "கண்ணு, நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ என் மாமியாரும் அடுப்பைத் தொட விடலை. ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எது எங்க இருக்கு, யாருக்கு எவ்வளவு உப்புன்னு மூணு மாசத்துல அவங்களை விட எனக்குத் தெரிஞ்சு போச்சு. நிக்க வெச்சா நிக்கறதுதான். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நில்லு. ஆனா தண்ணி மட்டும் குடி, கேக்கறவங்களுக்குத் தைரியமா பதில் சொல்லு."

மறுநாள் அவள் ஒரு சின்ன நோட்டு எடுத்துக் கொண்டு போனாள். முன் சீட்டு மாட்டுகிற இடத்தில் போய் நின்றாள். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு கார் வரும். சீட்டை வைத்து நாலு போல்ட் முடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற தம்பி, போல்ட்டை எடுக்க ஒவ்வொரு தடவையும் முழங்கால் உயரத்தில் இருக்கும் டப்பாவுக்குக் குனிகிறார். ஒரு ஷிப்டுக்கு சுமார் 300 கார், 300 தடவை குனிவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதி வைத்தாள். மூன்றாவது வாரம் அந்த இடத்தில் புதிதாக ஒரு தள்ளுவண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். டப்பா இன்னும் பின்னால் தள்ளிப் போனது. அந்தத் தம்பி குனிவதோடு திரும்பவும் வேண்டியதாயிற்று. 4 விநாடி கூடியது. தேதி போட்டு அதையும் எழுதி வைத்தாள். யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இப்போது நான் முக்கியமான நாளுக்கு வருகிறேன்.

தினமும் ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, ஆறு மணிக்குள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி விடுவாள். ஏழு மணிக்கு அண்ணன் போன் செய்வார். நாலாவது வாரம் வியாழக்கிழமை. ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, வரவில்லை. அவள் செல்லுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. லாக்கரில் இருக்கிறது என்று புரிந்தது. கம்பெனி நம்பர் என்னிடம் இல்லை. என் கணவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். பஸ்ஸில் வருகிற எதிர்வீட்டுத் தம்பியைக் கேட்டால், "பஸ் கரெக்டா வந்துருச்சே அக்கா, அந்தப் பொண்ணு ஏறலையே" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏழு மணிக்கு அண்ணன் போன். "புள்ள எங்க?"

"குளிச்சிட்டு இருக்கா அண்ணே" என்றேன்.

எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ! ஏழே முக்காலுக்கு மறுபடியும் அடித்தார். "தலைவலின்னு தூங்கிட்டா." இரண்டாவது பொய். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக் கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். வேண்டாத தெய்வம் இல்லை. 'பொறுப்பு என்று சொன்னாயே, சொன்னாயே' என்று மனசு அடித்துக் கொண்டே இருந்தது.

எட்டு நாற்பதுக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே இன்னொரு பெண் ஊழியரும் இருந்தார். இவள் சிரித்துக் கொண்டே இறங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடு ரோட்டில் முதுகில் ஒரு அடி போட்டு விட்டேன். சிரிப்பு அப்படியே நின்று போயிற்று. வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் கொண்டு அவளே சொன்னாள். நாலரை மணிக்கு சீட்டு மாட்டுகிற தம்பி ஒரு போல்ட்டை முடுக்கும்போது மரை கோணலாக ஏறி விட்டது. மேலே கயிறு தொங்கும். அதை இழுத்தால் மணி அடிக்கும், விளக்கு எரியும். அந்த இடத்தைக் கடப்பதற்குள் சரி செய்ய முடியாவிட்டால் லைன் முழுக்க நின்று விடும். அந்தத் தம்பி இழுத்து விட்டார். லைன் நின்றது. 12 நிமிஷம்! அதற்கு முந்தின நாளும் இதே மாதிரி இரண்டு போல்ட் கோணலாகியிருந்ததால், ஷிப்ட் முடிந்ததும் பெரிய இன்ஜினீயர்கள் வந்து விட்டார்கள்.

"நம்ம ஊர்ல ஆயிருந்தா அந்தப் பையனைத் திட்டித் தீர்த்திருப்பாங்க அத்தை. இங்க யாரும் 'யாரு'ன்னு கேக்கலை. 'ஏன்'னு கேட்டாங்க. ஏன் கோணலாச்சு? டூலைச் சாய்ச்சுப் பிடிச்சதால. ஏன் சாய்ச்சுப் பிடிச்சாரு? அவசரம். ஏன் அவசரம்? போல்ட் எடுக்க நேரமாகுது. ஏன் நேரமாகுது? அதுக்கு யாருக்கும் பதில் தெரியலை. எனக்குத் தெரியும்! நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேனே! பேசலாமா வேணாமான்னு பத்து நிமிஷம் நடுங்கிட்டு நின்னேன். அப்புறம் சொல்லிட்டேன்."

சூப்பர்வைசர் நோட்டை வாங்கிப் பார்த்தாராம். பெரிய இன்ஜினீயர் அந்த இடத்திலேயே தள்ளுவண்டியை நகர்த்தச் சொல்லி, டப்பாவை இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய பெட்டியின் மேல் வைத்து, இவளையே மறுபடி கணக்கெடுக்கச் சொன்னாராம். அதில்தான் பஸ் போய் விட்டது.

"போன் பண்ணச் சொல்லி செக்யூரிட்டிகிட்ட கேட்டேன் அத்தை. நம்பர் என்னம்மான்னாரு. உங்க நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எல்லாம் செல்லுக்குள்ள இருக்கு, செல்லு லாக்கருக்குள்ள இருக்கு. என் தப்புதான்" என்று அழுதாள்.

நான் அவளை அணைத்துக் கொண்டு, "சரி போகட்டும். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. நீ தலைவலின்னு படுத்துட்டேன்னு சொல்லியிருக்கேன். காலையில கேட்டா அதையே சொல்லு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, அந்தக் கயிறு எதுக்குத் தெரியுமா? தப்பு நடந்தா மறைக்காம உடனே நிறுத்திச் சொல்லணும்னுதான். கோணல் போல்ட்டை அப்படியே அனுப்பிட்டா, ரோட்டுல போற ஒரு குடும்பத்தோட உசிரு போயிடும்னு முதல் நாள் கிளாஸ்லயே சொன்னாங்க. அந்தத் தம்பி கான்ட்ராக்ட் ஆளு. வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டேதான் இழுத்தாரு. நாம அப்பாகிட்ட மறைக்கலாமா?"

பத்தாவது படித்த அத்தைக்கு இருபது வயதுப் பெண் பாடம் எடுக்கிறாள். முதலில் ரோஷம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணன் மறுநாளே பஸ் ஏறி வந்து கூட்டிக் கொண்டு போய் விடுவார். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். பொய்யை வைத்துக் கொண்டால் இன்னும் இரண்டு வாரம் எப்படியாவது ஓடி விடும். ஆனால் பிறகு எப்போதாவது தெரிந்தால்? அண்ணன் என்னையும் நம்ப மாட்டார், அவளையும் நம்ப மாட்டார்.

ஒன்பதரை மணிக்கு நானே போன் போட்டேன். நடுங்கிக் கொண்டே எல்லாம் சொன்னேன். இரண்டு பொய் சொன்னதையும், நடு ரோட்டில் அடித்ததையும் சேர்த்துத்தான். எதிர் முனையில் சத்தமே இல்லை. தறிச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. இன்னும் தறிக்கூடத்தில்தான் இருக்கிறார் போல.

"லைன் எதுக்கு நின்னுச்சாம்?" என்றார் கடைசியில்.

நான் போனை அவளிடம் கொடுத்தேன். அவள் சொன்னாள்: "அப்பா, நம்ம தறியில பாவு நூல் அறுந்தா தறி தானா நின்னுரும்ல? நிக்காம ஓடுனா என்ன ஆகும்?"

"சேலை பூராம் ஓட்டை விழும். கூலில பிடிச்சுக்குவான்."

"அதேதாம்ப்பா. இந்தப் பழக்கமே தறியிலருந்துதான் காருக்கு வந்துச்சாம்." அப்புறம் அவள் சொன்னதை நானும் அன்றுதான் கேட்டேன். ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். அவருடைய அம்மா தறி நெய்து கஷ்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர். 1891-ல் மரத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு, நூல் அறுந்தால் தானே நிற்கிற தறி செய்தார். 1924-ல் அவருடைய தானியங்கித் தறி வந்தது. அவர் மகன்தான் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கி, 1937-ல் டொயோட்டா கார் கம்பெனியாக ஆக்கியவர். 'தப்பு வந்தால் நிறுத்து' என்கிற தறிப் பாடம் அப்படியே கார் லைனுக்கு வந்து, இன்று உலகமெங்கும் கார் கம்பெனிகளில் கயிறாகத் தொங்குகிறதாம்.

அண்ணன் மறுபடி பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "12 நிமிஷம் நின்னுச்சே, மொதலாளி அந்தப் பையனை ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லப்பா. நல்ல வேளை இழுத்தேன்னாங்க."

"ம்... சரி. நாளைக்கும் போ. பஸ்ஸை மட்டும் விட்டுராதே. அத்தை நம்பரை மனப்பாடம் பண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

மீதி இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. குழாயால் ஒரு ஸ்டாண்ட் செய்து டப்பாவை நிரந்தரமாக இடுப்பு உயரத்தில் வைத்தார்கள். சூப்பர்வைசர் இவளை மற்ற இடங்களிலும் கணக்கெடுக்கச் சொன்னார். கழிப்பறை தூரத்தைப் பற்றியும் பயிற்சி முடிவு அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள். அது மாறியதா என்று தெரியாது. ஆனால் எழுதினாள், அது பெரிசு.

என் சமையலறையையும் அவள் விட்டு வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பார் வைத்து முடிப்பதற்குள் எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணினாள். 146 அடி! பருப்பு டப்பா ஒரு மூலை, புளி ஒரு மூலை, மிளகாய்த் தூள் மேல் பரண். ஜப்பான் முறை என்று சொல்லி ஐந்து வேலை செய்ய வைத்தாள். வேண்டாததைக் கழிப்பது, வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, துடைத்துச் சுத்தமாக்குவது, எல்லோருக்கும் ஒரே முறை என்று எழுதி ஒட்டுவது, அதை விடாமல் கடைப்பிடிப்பது. இப்போது 60 அடிகூட ஆவதில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. துவரம் பருப்புக்கு இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். முதல் டப்பா காலியானதும் அதை வாசல் அலமாரியில் வைத்து விடுவேன். அதைப் பார்த்தால் என் கணவருக்குத் தெரியும், கடைக்குப் போகும்போது வாங்கி வர வேண்டும் என்று. "என் ஸ்டோர்ஸ்லயும் இதேதான்டி!" என்று அவர் சிரிக்கிறார்.

போவதற்கு முந்தின ராத்திரி அவள் ஒரு கதை சொன்னாள். சகோதரிகளே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். நம் சென்னை கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் 1940-களில் படித்து, இந்தியாவிலேயே பெண் இன்ஜினீயர்களில் முதலாவதாக வந்தவர்களில் ஒருவர் ஏ. லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்து விட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். மகளைச் சேர்த்து விட்டார். மின் பொறியியல் படித்தார். பயிற்சிக்காக ஜமால்பூர் ரயில்வே பணிமனைக்கு ஒரு வருஷம் போனார். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. "அந்த அம்மா அந்தக் காலத்துலயே ரயில்வே ஒர்க்‌ஷாப் போயிருக்காங்க. நான் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்ததுக்கே நம்ம வீட்டுல இவ்வளவு கலாட்டா!" என்றாள். எனக்கோ, அந்த அப்பாவைத்தான் நினைக்கத் தோன்றியது.

அனுபவத்தில் தெரிந்ததைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறேன். பெண்ணை இன்டர்ன்ஷிப் அனுப்புகிற அம்மாக்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

1. காசு கொடுத்து சர்ட்டிபிகேட் வாங்க வேண்டாம். காகிதம் வரும், அறிவு வராது.

2. போகும் முன் கம்பெனி வாசல் செக்யூரிட்டி நம்பர், பயிற்சி அதிகாரி நம்பர் இரண்டையும் வாங்கிக் காலண்டரில் எழுதி வையுங்கள். உங்கள் நம்பரைப் பெண்ணுக்கு மனப்பாடம் ஆக்குங்கள். செல்போனை நம்பாதீர்கள்.

3. பெண்ணின் அளவுக்கு ஷூ முன்பே வாங்கி, வீட்டில் நாலு நாள் போட்டுப் பழக்கி விடுங்கள்.

4. 2013-ம் வருஷச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க உள்குழு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பெண்ணும் புகார் கொடுக்கலாம். யாரிடம் கொடுப்பது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்து கொள்ளச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

5. தினமும் ராத்திரி அரை மணி நேரம் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே புரியும்.

6. தாமதமாக வந்தால் அடிக்காதீர்கள். நான் அடித்தது இன்னும் என் கையில் உறுத்துகிறது.

ஊருக்குப் போனதும் அண்ணன் அவளைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப் போய், தன் தறி நூல் அறுந்தால் எப்படி நிற்கிறது என்று மூடியைக் கழற்றிக் காட்டினாராம். இருபது வருஷமாக அவர் ஓட்டுகிற தறி. மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லையாம். கடைசி வருஷம் கல்லூரிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்தபோது, "எழுது, கெடைச்சா போ" என்று சொல்லி விட்டார். மாப்பிள்ளைப் பேச்சு இப்போதைக்கு இல்லை.

நம் வீட்டிலும் ஒரு கயிறு தொங்க வேண்டும் சகோதரிகளே. தப்பு நடந்தால் பெண் பிள்ளை பயப்படாமல் வந்து இழுக்க வேண்டும். இழுத்தவளை நாம் திட்டக் கூடாது. என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்.